காது குத்திய பூந்தொட்டி

முன்னொரு காலத்தில், வெயிலுக்கும் மனிதருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இருந்த நாளில், செம்பாறைப் பட்டணம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் காத்தாயி என்று ஒரு நாற்றுக்காரி. அவள் புருஷன் பெயர் சடையாண்டி. இருவரும் பூச்செடி வளர்த்துச் சந்தையில் விற்றுப் பிழைத்தார்கள். பாதி நேரம் செடி வளர்ப்பார்கள், மீதி நேரம் சண்டை வளர்ப்பார்கள்.

எப்போதும் ஒரே சண்டைதான். சடையாண்டி தன் நாற்றுகளைக் கீற்றுப் பந்தலுக்குள் வைத்து, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்து, பூத்துக் குலுங்கும்போது சந்தைக்குத் தூக்கிப் போவான். காத்தாயியோ நாற்று தலைதூக்கியதுமே வெட்டவெளியில் கொண்டுவந்து வைத்துவிடுவாள். காய்ந்தால் காயட்டும், தாகம் எடுத்தால் எடுக்கட்டும் என்று விடுவாள். முதல் மொட்டு எட்டிப் பார்த்தால் நகத்தால் கிள்ளிவிடுவாள்.

"பூ இல்லாத செடியை எவன் வாங்குவான்? செடின்னா மாப்பிள்ளை மாதிரி ஜோரா இருக்க வேண்டாமா?" என்று சடையாண்டி கத்துவான்.

"உன் செடி சந்தையிலே சிரிக்கும், வாங்கினவங்க வீட்டிலே போய் அழும்யா. என் செடி அவங்க வீட்டிலே போய்ச் சிரிக்கும்" என்பாள் காத்தாயி.

பேசுவதில் காத்தாயி கெட்டி. விற்பதில் சடையாண்டி கெட்டி. அதனால் சண்டை ஓய்ந்ததே இல்லை.

சடையாண்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாம்புக்குப் பயப்பட மாட்டான், பேய்க்குப் பயப்பட மாட்டான், ஆனால் ஊசியைக் கண்டால் மட்டும் உயிர் போய்விடும். சின்ன வயதில் காது குத்த உட்கார வைத்தபோது தாய்மாமன் மடியிலிருந்து துள்ளிக் குதித்து ஓடியவன், அதன் பிறகு யார் கைக்கும் சிக்கவில்லை. மீசை முளைத்து, கல்யாணமும் ஆகி, இன்னும் ஓட்டையில்லாத காதோடுதான் திரிந்தான். அவனைக் கேலி செய்யாத வாய் ஊரில் கிடையாது.

இப்படி இருக்கும்போது அந்தப் பட்டணத்துக்கு சுடுமூச்சன் என்று ஒரு மந்திரவாதி வந்து சேர்ந்தான். அவன் மூச்சு விட்டால் அனல் அடிக்கும். குளத்துப் பக்கம் போய் ஒரு பெருமூச்சு விட்டான், குளம் வற்றியது. தோப்புப் பக்கம் போய் ஒரு பெருமூச்சு விட்டான், தோப்பு கருகியது. அரண்மனை நந்தவனத்துக்குப் போய், ஆசை ஆசையாக ஒரு பூவை முகர்ந்தான். அவ்வளவுதான், அந்தப் பூவும் பொசுங்கியது, அத்தனை பூவும் பொசுங்கின.

சுடுமூச்சனுக்கு வந்ததே கோபம்! "பிறந்த நாள் முதல் நான் ஒரு பூவை முகர்ந்ததில்லை. என் மூச்சைத் தாங்கி, தன் ஆயுசை முழுசாக வாழ்ந்து முடிக்கிற ஒரு பூச்செடி எனக்கு வேண்டும். அது கிடைக்கும்வரை இந்த ஊரில் என் வெயில்தான். வாடுகிற செடியை எவன் கொண்டுவந்து விற்றாலும் அவன் மண்தொட்டியாகப் போவான்!" என்று சபித்துவிட்டு, அரண்மனை எதிரே இருந்த பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அன்று பிடித்தது வெயில். குயில் கூவலாம் என்று வாயைத் திறந்தால் ஆவிதான் வந்தது. கோழிகள் அவித்த முட்டையே இட்டன என்றுகூடச் சொல்வார்கள், நான் பார்க்கவில்லை. பாவம், பொற்கீர்த்தி ராஜா ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தண்டோரா போடச் சொன்னார். பூக்காரர்கள் ஒவ்வொருவராகச் செடி கொண்டுவந்தார்கள். சுடுமூச்சன் ஊதுவான். "வாடிற்றா?" என்பான். வாடியிருக்கும். மந்திரக்கோலை ஆட்டுவான். மதில் ஓரத்தில் இன்னொரு மண்தொட்டி வந்து நிற்கும்.

சடையாண்டி சும்மா இருந்தானா? "என் ரோஜாவைப் பார்த்தால் அந்த மந்திரவாதியே மயங்கிடுவான் புள்ள" என்று கிளம்பினான். போகாதே என்றாள் காத்தாயி. கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். கேட்கவில்லை. நிழலில் வளர்ந்த ரோஜா, சுடுமூச்சன் பக்கத்தில் வருவதற்குள்ளேயே தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

சேதி கேட்டு ஓடிவந்தாள் காத்தாயி. மதில் ஓரம் வரிசையாகத் தொட்டிகள். ஒன்றில் மட்டும் விளிம்பு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சடையாண்டி சிரிக்கும்போது உதடு அப்படித்தான் கோணும். அவள் அந்தத் தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சொன்னா கேட்டியா? சொன்னா கேட்டியாய்யா? இனி நான் யாரோட சண்டை போடுவேன்?" என்று புலம்பினாள்.

"அழுது என்ன தாயி ஆகப்போகுது?" என்று ஒரு குரல் கேட்டது.

பார்த்தால், மதில்மேல் ஓர் ஓணான். அந்த ஊரிலேயே அந்த வெயிலில் சந்தோஷமாக இருந்த உயிர் அது ஒன்றுதான். தலையை ஆட்டி ஆட்டிப் பேசியது.

"உன் கையில வெயில் தின்னு வளர்ற விதை இருக்குல்ல? அதைப் போடு. இந்தத் தொட்டியிலேயே போடு. ஆனா ஒண்ணு. மந்திரத் தொட்டிக்கு அடியில ஓட்டை கிடையாது. தண்ணி வடியாட்டி வேர் அழுகிப்போகும். அழுகினா நீயும் தொட்டி."

காத்தாயி தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை போடும்போது தொட்டி விரிசல் விட்டால்? புருஷனே போய்விடுவானே! ஆனாலும் வேறு வழி இல்லை. தொட்டியைத் தண்ணீரில் நன்றாக ஊற வைத்தாள். வைக்கோல்மேல் கவிழ்த்தாள். ஓர் ஆணி முனையை வைத்து, தட்டாமல் அடிக்காமல், மெல்ல மெல்லத் திருகினாள். ஆணி பட்டதும் தொட்டி கிடுகிடுவென்று நடுங்கியது.

"கொஞ்சம் பொறுத்துக்கோய்யா, முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே திருகினாள். 'பொட்'டென்று ஓட்டை விழுந்தது. விரிசல் இல்லை. அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

பிறகு பாறையடிக்குப் போனாள். "சாமி, நான் பூச்செடி விற்க வந்திருக்கேன். இங்கேயே விதைச்சு வளர்த்துத் தர்றேன்."

"என்ன விலை?" என்றான் சுடுமூச்சன்.

"மதிலோரம் நிற்கிற அத்தனை தொட்டியும்தான் விலை."

சுடுமூச்சன் அனல் பறக்கச் சிரித்தான். "சரி. மூன்று தரம் வந்து பார்ப்பேன். வாடியிருந்தால் உன்னையும் சேர்த்துக்கொள்வேன்."

காத்தாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மூன்று விதம் விதை இருந்தது. மதிலடி மண்ணைக் கொத்தி, பின்வரிசைக்குக் கோழிக்கொண்டை, முன்வரிசைக்கு வாடாமல்லி என்று நீளப் பாத்தியாக விதைத்தாள். கோணல் தொட்டியில் பத்துமணிப்பூ விதையைத் தூவினாள். தூசி மாதிரி விதை, அதனால் மண் போட்டு மூடவில்லை. அரண்மனைக் கிணற்றில் மிச்சமிருந்த தண்ணீரை விடியற்காலையில் ஒரே தரம் ஊற்றுவாள். பிறகு மண் காயும்வரை தொட மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து தொட்டியோடு சண்டை மட்டும் போடுவாள், பழக்கம் விடுமா?

செடி வந்தது. இலை விட்டது. மொட்டு வைத்தது. காத்தாயி வாடாமல்லி நுனியை எல்லாம் கிள்ளிப் போட்டாள். மறுநாள் முதல் தடவையாக சுடுமூச்சன் வந்தான்.

"வாடிற்றா? வாடிற்றா?"

"வாடலை சாமி, வாடலை."

"பூ எங்கே?"

"கிள்ளிட்டேன் சாமி."

பக்கத்தில் நின்ற ராஜாவுக்குத் தலையில் போட்ட ஈரத்துணி காய்ந்தே போனது. "பெண்ணே, கைக்கு வந்த பூவையா கிள்ளினாய்!" என்று அலறினார். சுடுமூச்சன் ஒரு பெருமூச்சு விட்டான். இலை ஒன்றும் சுருங்கவில்லை. வெயில் குடித்து வளர்ந்த செடிக்கு அந்த அனல் புதுசா என்ன? கோலைத் தாழ்த்திக்கொண்டு முணுமுணுத்தபடி போனான். கிள்ளின இடத்தில் இரண்டு கிளை வெடித்தது, அதில் நாலு, அதில் எட்டு. கொஞ்ச நாளில் மதிலடி முழுக்க ஊதாவும் சிவப்புமாகப் பூத்துத் தள்ளியது. தொட்டியிலிருந்து பத்துமணிப்பூ நாலா பக்கமும் வழிந்தது.

இரண்டாவது தடவை சுடுமூச்சன் சாயங்காலம் பார்த்து வந்தான், வேண்டுமென்றே. பத்துமணிப்பூ அந்த நேரத்தில் கூம்பிவிடும் அல்லவா? தொட்டியில் ஒரு பூக்கூட விரிந்திருக்கவில்லை.

"வாடிற்றா? வாடிற்றா?" என்று கோலை ஓங்கினான்.

"வாடலை சாமி, வாடலை! தூங்குது. நாளைக்கு வெயில் ஏறுற வரைக்கும் இருந்து பாருங்க, முழிச்சிரும்."

மறுநாள் வெயில் ஏறியது. ஒவ்வொரு பூவாகக் கண்ணைத் திறந்தது. சுடுமூச்சன் மண்டியிட்டு உட்கார்ந்தான். பயந்து பயந்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனான். மூச்சை இழுத்தான், விட்டான். பூ பொசுங்கவில்லை. அவ்வளவு பெரிய மந்திரவாதி நம்ப முடியாமல் இன்னொரு தரம் முகர்ந்தான்.

"இதிலே வாசம் அவ்வளவா இருக்காது சாமி" என்றாள் காத்தாயி, வியாபாரத்தில் பொய் கூடாது என்று.

"இருக்கட்டும்" என்றான் அவன். ஆனால் சாபம் அவன் சொன்னபடிதானே தீரும்? ஆயுசை முழுசாக வாழ்ந்து முடிக்க வேண்டும். எழுந்து போய்விட்டான்.

நாள் போயிற்று. செடிகள் மெல்ல மெல்லப் பழுத்தன. தண்டு பழுப்பானது. இலை உதிர்ந்தது. காத்தாயி தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டாள். பார்த்தவர்கள் எல்லாம் வாயில் அடித்துக்கொண்டார்கள். ஓணான்கூடத் தலையாட்டுவதை விட்டுவிட்டது.

மூன்றாவது தடவை சுடுமூச்சன் வந்தான். காய்ந்து நின்ற செடிகளைப் பார்த்தான். அவன் முகமும் வாடிப்போனது. "வாடிற்றா? வாடிற்றா? ஐயோ, இதுவும் வாடிற்றே!" என்றான். கோல் தானாக எழுந்தது.

"வாடலை சாமி, வாடலை!" என்று கத்தினாள் காத்தாயி. அதற்குள் அவள் பாதம் மண்ணானது. முழங்கால் மண்ணானது. இடுப்புவரை மண் ஏறியது. அப்படியும் எட்டி, தொட்டியில் காய்ந்து நின்ற பத்துமணிச் செடியில் ஒரு காயைப் பறித்தாள். "கையை நீட்டுங்க சாமி! சீக்கிரம்!"

சுடுமூச்சன் உள்ளங்கையை நீட்டினான். அவள் அந்தக் காயை அதன்மேல் வைத்து விரலால் தட்டினாள். கடுகளவு குடம் மாதிரிக் காய். அதற்கு ஒரு மூடி. மூடி கழன்று விழுந்தது. உள்ளேயிருந்து வெள்ளி மணல் மாதிரி விதைகள் கொட்டின.

"வாடினா இதெல்லாம் இருக்குமா சாமி? ஒரு பருவம்தான் இதுக்கு ஆயுசு. முளைச்சுது, பூத்துது, பிள்ளைகளைப் பெத்துது, வேலை முடிஞ்சு கிளம்பிருச்சு. இது முழுசா வாழ்ந்த செடி. உங்க மூச்சிலேயே பிறந்து, உங்க மூச்சிலேயே முடிஞ்ச செடி."

சுடுமூச்சன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். விதைகளின்மேல் ஊதினான். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தரம் ஊதினான். அனல் வரவில்லை, சாதாரண மூச்சுக் காற்றுதான் வந்தது. குழந்தை மாதிரி ஓவென்று அழுதான். அழுகைச் சத்தத்துக்குள்ளேயே இடியும் கேட்டது. சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது!

காத்தாயியின் இடுப்பிலிருந்து மண் கரைந்து வழிந்தது. மதிலோரத் தொட்டிகள் ஒவ்வொன்றாக உடம்பை உதறிக்கொண்டு மனிதர்களாக எழுந்தன. "அப்பாடா!" என்றார் ராஜா. "அப்பாடா!" என்றது ஊர் முழுக்க. ஓணான் மழைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு பொந்துக்குள் போனது.

கடைசியாக எழுந்தது கோணல் தொட்டி. சடையாண்டி தலைமுடியிலிருந்து காய்ந்த செடியைப் பிடுங்கிப் போட்டான். முகத்தைத் துடைத்தான். காதைத் தொட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏ புள்ள... காதுல என்னடி ஓட்டை?"

காத்தாயி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் மார்பில் இரண்டு குத்தும் குத்தினாள். "தாய்மாமனாலே முடியாததை நான் முடிச்சிட்டேன்யா" என்றாள்.

ராஜா என்ன வேண்டும் என்று கேட்டார். சந்தை வாசலில், நிழலே விழாத இடமாகப் பார்த்து ஒரு கடை கேட்டாள் காத்தாயி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கொடுத்தார். சடையாண்டி தன் பந்தலைப் பிரித்துப் போட்டான். காதில் சிவப்புக்கல் கடுக்கன் மின்ன, பூவே இல்லாத செடியைத் தூக்கிக் காட்டி, "உங்க வீட்டிலே வந்து சிரிக்கும் அண்ணாச்சி, வாங்கிட்டுப் போங்க!" என்று கூவினான். விற்பதில்தான் அவன் கெட்டியாயிற்றே, ஒன்றும் மிச்சமில்லாமல் விற்றுத் தீர்ந்தது. முதல் ஆளாக வாங்கிப் போனவன் சுடுமூச்சன். இப்போது அவன் பாறைமேல் வீடு கட்டி, வாசலைச் சுற்றிப் பாத்தி போட்டிருக்கிறான். தினமும் காலையில் ஒவ்வொரு பூவாக முகர்ந்து பார்ப்பதுதான் அவனுக்கு வேலை.

சண்டை நின்றதா என்று கேட்கிறீர்களா? அது எப்படி நிற்கும்! ஆனால் செம்பாறைப் பட்டணத்தில் அன்று முதல் ஒரு வழக்கம் உண்டு. தொட்டியில் செடி வைக்கப்போகிறவர்கள் முதலில் தங்கள் காது நுனியை ஒரு தரம் தொட்டுக்கொள்வார்கள், பிறகுதான் தொட்டியைக் கவிழ்த்து ஓட்டை போடுவார்கள். அந்த மழை நம் ஊரிலும் பெய்யட்டும், அந்த விதை நம் வாசலிலும் விழட்டும்.