வாசல் பெட்டியில் வஜ்ராயுதம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், கீர்த்திவர்மர் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார், அது ஒன்றுதான் வினை.

ஒரு நாள் துறைமுகத்திலிருந்து மூன்று தேசத்துக் கப்பல்காரர்கள் சபைக்கு வந்தார்கள். வெளியே இடியும் மழையுமாகக் கொட்டியது.

"இந்திரன் வஜ்ராயுதத்தை வீசுகிறான்!" என்று ராஜா கைகூப்பினார்.

"இல்லை அரசே, அது எங்கள் ஜீயஸ் எறியும் மின்னல்" என்றான் யவன வியாபாரி.

பனி நாட்டுக்காரன் விடுவானா? "ஆட்டுக்கடா பூட்டிய வண்டியில் போகிற எங்கள் தோர்தான் சுத்தியலால் அடிக்கிறார்" என்றான். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவனோ, "கோடரி ஏந்திய ஷாங்கோவை விட்டுவிட்டீர்களே!" என்று கோபித்துக்கொண்டான்.

ராஜாவுக்குத் தலை கிறுகிறுத்தது. பெய்த மழை யாருடையது? ஆள் மாறி நன்றி சொன்னால் மற்ற மூவரும் சும்மா இருப்பார்களா? யோசித்து யோசித்துச் சோறுகூட இறங்கவில்லை. கடைசியில் ஓர் ஆணை போட்டார்: மழை தந்தவர் யாரென்று தெரியும்வரை அந்த ஈரத்தில் ஒருவரும் விதைக்கக் கூடாது. அட ராமா, இப்படியும் ஓர் ஆணையா!

மறுநாள் காலை வெள்ளைத்தாயி என்ற உழவுப் பெண் அரண்மனை வாசலில் வந்து நின்றாள். சபையைச் சிரிக்க வைக்கிற விகடன் சடையாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தான். அவனை வழிமறித்தாள்.

"ஐயா, நீங்க சொன்னா ராசா கேப்பாரு. விதைநெல்ல ஊறப்போட்டு முளை கட்டியாச்சு. நாளைக்குள்ள நாத்தங்கால்ல தெளிக்கலேன்னா அத்தனையும் அழுகிப்போயிரும். வேற விதை ஒரு பிடி கெடையாது. புள்ளைங்க வருசம் பூரா என்னத்தத் திங்கும்? ஊரே கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்குதுய்யா."

சடையாண்டி நேரே ராஜாவிடம் போய், ஆணையை நீக்கச் சொல்லிக் கெஞ்சினான்.

இதற்காகவே காத்திருந்தார் ஆஸ்தான ஜோசியர் பஞ்சநதம். சடையாண்டியைக் கண்டாலே அவருக்கு எரியும். "அரசே, இவன்தான் எல்லாம் தெரிந்தவன் ஆயிற்றே! நாலு தேவர்களையும் நாளை சபைக்கு அழைத்து வரட்டும். தாங்களே விசாரிக்கலாம். முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்" என்றார்.

"பேஷ்! அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. பாவம், அவருக்கு எப்படியாவது குழப்பம் தீர்ந்தால் போதும்.

வெளியே வந்த சடையாண்டி, "தாயி, நாளைக்கு வெள்ளெனவே மூட்டையோட வந்துரு" என்றான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சபைக்கு வருகிறவர் பக்கத்து நாட்டு அரசரே ஆனாலும், ஆயுதத்தை வாசல் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ராஜா தாம்பூலம் கொடுத்து விடை தந்த பிறகுதான் அதைத் திரும்ப எடுக்கலாம்.

மறுநாள் சபையில் நாலு ஆசனங்கள் காலியாகக் கிடந்தன. வாசல் பெட்டி மூடியிருந்தது.

"தேவர்கள் எங்கே?" என்றார் ராஜா.

"இதோ அமர்ந்திருக்கிறார்களே அரசே! தேவர்கள் நம் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள் என்று ஜோசியரே எத்தனை முறை சொல்லியிருக்கிறார். வழக்கப்படி ஆயுதங்கள் வாசல் பெட்டியில் இருக்கின்றன."

"பொய்! பெட்டியில் ஒன்றும் இராது!" என்று குதித்தார் ஜோசியர்.

"தாங்களே கைவிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். பொய்யென்றால் இப்போதே நாட்டை விட்டுப் போகிறேன். மெய்யென்றால் உள்ளே மின்னல் இருக்கும். கை பத்திரம்."

ஜோசியர் விறுவிறுவென்று போனார். மூடியை இரண்டு விரல் அளவு தூக்கினார். குப்பென்று முகத்தில் சூடு அடித்தது. அவ்வளவுதான், மூடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இருக்கிறது அரசே! சுடுகிறது! வஜ்ராயுதமோ சுத்தியலோ, ஏதோ சத்தியமாக இருக்கிறது!"

ராஜா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. "சடையாண்டி, ஆயுதமெல்லாம் இங்கே கிடந்தால் இனி மழை?"

"தாங்கள் விடை தரும்வரை கிடையாது அரசே. விசாரித்து, யாருடைய மழை என்று கண்டுபிடித்து, அவருக்கு முதல் தாம்பூலம்..."

"விசாரணையாவது மண்ணாவது! யார் பெய்தாலும் மழை மழைதானே? நாலு பேருக்கும் ஒரே தட்டில் தாம்பூலம் வை! போய்வரச் சொல்!"

"விதைப்பு?"

"இந்த நிமிஷமே விதைக்கட்டும்!"

சடையாண்டி பெட்டியைத் திறந்தான். உள்ளே வெள்ளைத்தாயியின் விதைநெல், வெள்ளை வெள்ளையாக முளைவிட்டு, ஆவி பறக்க இருந்தது.

"முளை கட்டிய நெல் சூடாகத்தான் இருக்கும் அரசே. நாடே இன்று விதைக்கக் காத்திருக்கும் ஆயுதம் இதுதான். நட்சத்திரமெல்லாம் தெரிந்த ஜோசியருக்கு நெல்லைத் தெரியவில்லை."

ராஜா கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார். தன் முத்து மாலையைக் கழற்றிச் சடையாண்டியின் கழுத்தில் போட்டார். வெள்ளைத்தாயி அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடினாள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க விதைத்து முடித்தது.

பத்து நாள் கழித்து மறுபடியும் இடித்தது. யாரைக் கும்பிடுவது என்று ராஜாவுக்கு அப்போதும் தெரியவில்லை. நாலு திசைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "நாற்று நனைந்ததா?" என்று மட்டும் கேட்டாராம்.