பால்கனிக்கு வழி

கோமதியக்காவிடம் நான் வந்து சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், புளி கரைக்க என்றுதான் சொல்ல வேண்டும். மற்றதையெல்லாம் வந்து போகிறவர்கள் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். நெல்லையப்பன் சார் அப்படி வாரிக்கொண்டு போனவர்களில் ஒருவர்.

அவர் கணக்கு வாத்தியார். வயது ஐம்பத்திரண்டு. அக்காவுக்கு நாற்பது. அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரை அண்ணாச்சி என்பார். நாலு வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் வருவார். எங்கள் தகரக்கொட்டகையில் அக்கா முன்னால் கண்ணை மூடித் தியானத்தில் உட்காருவார், எழுந்து போவார். வாயைத் திறந்து ஒன்றும் கேட்டதில்லை.

அந்தத் தடவை செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார். கையில் சுருட்டிய பெரிய தாள். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சார் தாளைத் தரையில் விரித்தார். அது சுருண்டுகொண்டே போயிற்று. ஒரு மூலைக்கு என் அரிவாள்மணை, ஒரு மூலைக்குத் தேங்காய் மூடி, மிச்ச இரண்டுக்கும் அவர் முழங்கால்.

"எந்தச் சுவரை இடிக்கலாம்னு நீங்க சொல்லணும் அக்கா."

"நான் என்ன கொத்தனாரா?"

"கொத்தனார், என்ஜினீயர் எல்லாரையும் கேட்டாச்சு."

மூன்று மாசம் முன்னால் பால் காய்ச்சிக் குடிபோன வீடு அது. புதுக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. எங்களுக்கும் கேசரி வந்தது. தாளில் பார்க்க எல்லாம் அழகாகத்தான் இருந்தது. குடிபோன பிறகுதான் தெரிந்ததாம், பால்கனிக்குப் போக ஒரே வழி மகளின் அறை வழியாகத்தான் என்று.

"துணி காயப்போட இசக்கி அந்த வழியாத்தான் போகணும். பந்து விழுந்தா எடுக்கச் சின்னவன் அந்த வழியா ஓடுவான். வீட்டுக்குள்ள சிக்னல் கிடையாது, போன் பேச நானும் அங்கதான் போகணும்."

"மக என்ன சொல்லுதா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மொதல்ல ஒரு சேலையைக் கட்டி மறைச்சா. அப்புறம் தாழ்ப்பாள் போட்டா. நான் சத்தம் போட்டேன். நான் என்ன பஸ் ஸ்டாண்டான்னு கேட்டா அக்கா. இப்போ பதினொண்ணாம் வகுப்புக்கு வெளியூர் பள்ளிக்கூடத்துல, ஹாஸ்டல்ல சேரப் போறாளாம். திங்கட்கிழமை கடைசி நாள். அவ போயிட்டா..."

நாலு வருஷமாக மூடிய கண்ணோடு பார்த்த மனுஷரைத் திறந்த கண்ணோடு அன்றைக்குத்தான் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் புளியை எடுத்துக் கரைக்க ஆரம்பித்தேன்.

தாளில் மூன்று இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். மூன்று சுவர். மூன்றிலும் தூண் இருக்கிறது, தொட்டால் மேலே இருக்கிற நாலு மாடியும் கீழே வந்துவிடும் என்று என்ஜினீயர் கையை விரித்துவிட்டாராம். அப்படியும் ஏதாவது ஒன்றில் ஆள் நுழைகிற அளவு ஓட்டை போட முடியாதா என்று இவர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"இது யார் அறை?" அக்கா கீரைக் காம்பால் தாளின் ஒரு மூலையைத் தொட்டார்.

"நாங்க படுக்கிறது. கன்னி மூலை. பெரிய அறை."

"மகளுக்கு அதைக் குடுத்தா?"

"குடும்பத் தலைவன் தென்மேற்குலதானே அக்கா படுக்கணும். கன்னி மூலை சரியா அமைஞ்சிருக்குன்னுதான் இந்த வீட்டையே எடுத்தேன். எட்டு வீடு பார்த்து எட்டுலயும் அது சரியில்லை."

அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஆளுங்க எங்க அண்ணாச்சி?"

"ஆளா? இது பிளான் அக்கா. கட்டில் போட்டிருக்கு பாருங்க. சோபா, அடுப்பு எல்லாம் இருக்கு."

"ஆமா, கட்டில் இருக்கு," என்றார் அக்கா. "சனிக்கிழமை வாரேன்."

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ஆறு கிலோ பச்சரிசி மாவையும் பெரிய சல்லடையையும் என் தலையில் கட்டிவிட்டார். எதற்கு என்று கேட்டால் சொல்லமாட்டார் என்று தெரியும். கேட்டேன். சொல்லவில்லை.

மூன்றாவது மாடிக் கதவைச் சாரின் மனைவி இசக்கியம்மா திறந்தார். தூக்கம் இல்லாத முகம். ஹாலில் அடி எடுத்து வைத்தால் நாலு பக்கமும் கதவு. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று எனக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஹாலின் ஓரத்தில் ஒரு பெட்டி, கட்டித் தயாராக இருந்தது.

நடு அறையின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அந்தப் பெண் இந்துஜா கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அக்கா திறந்த கதவை ஒரு விரலால் தட்டினார்.

"வரலாமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திறந்திருக்கிற கதவை எதற்குத் தட்டுகிறார் என்று நினைத்திருப்பாள்.

"என்ன கேக்கீங்க? எல்லாரும் பாட்டுக்கு வருவாங்க, போவாங்க."

"நான் கேட்டுட்டு வாரேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "வாங்க," என்றாள்.

அக்கா உள்ளே போய்ச் சும்மா ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். பிறகு என்னிடம் சல்லடையைக் காட்டினார். வீடு முழுக்க மாவு சலிக்க வேண்டுமாம். உள்ளறையில் ஆரம்பித்து, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வாசல்படி வரைக்கும். என் முழங்கால் அன்றைக்கு என்னைத் திட்டாத திட்டு இல்லை.

இசக்கியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "கிருஷ்ணன் பாதம் வரையவா? அதுக்கு இன்னும் மூணு மாசம் கிடக்கே. ஈரக்காலோட மிதிச்சா கூழாப் போகுமே."

"போகட்டும்," என்றார் அக்கா. "ஒரு நாள்தானே. எப்பவும் போல இருங்க. போறது வாறது எல்லாம் எப்பவும் போல."

அடுப்படி மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு அக்கா உட்கார்ந்தார். பக்கத்தில் நான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை. மாவில் கால் வைத்தால் ஓசை வராது. யாராவது ஹாலைக் கடந்து போவார்கள், போனதே தெரியாது. பால்கனிப் பக்கமிருந்து வெளிச்சம் வந்து தரையில் கிடந்தது. தரையும் வெள்ளை, வெளிச்சமும் வெள்ளை. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. காற்று அடித்தபோது கொஞ்சம் மாவு எழுந்து, போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தது. சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு போனார். வந்தார். மறுபடி போனார். வாளியோடு இசக்கியம்மா போனார். சின்னவன் போனான். எல்லாரும் தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டதும் நான் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். கனவில் ஒரு வீடு. சுவரே கிடையாது, வெறும் கதவுகள்தான் நிற்கின்றன. சுற்றிக்கொண்டு போனால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனாலும் நான் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு நிற்கிறேன். யாரோ வருகிற மாதிரி இருக்கிறது, வரவில்லை. விழித்துப் பார்த்தால் அக்கா அதே இடத்தில் அப்படியே இருந்தார். வெயில் சாய்ந்திருந்தது.

"அண்ணாச்சி, வாங்க. ஓரமா நடங்க."

சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு காலடியும் தனித்தனியாகக் குழி விழுந்து தெரிந்தது. நாங்கள் சுவரோரமாக ஒட்டி ஒட்டி நடந்தோம். இசக்கியம்மாவும் பின்னால் வந்தார்.

முதலில் கன்னி மூலை. அந்தப் பெரிய அறையில் ஒரே ஒரு வரிசைக் காலடி. கதவிலிருந்து பீரோ, பீரோவிலிருந்து கதவு. மற்றபடி நான் காலையில் சலித்த மாவு சலித்தபடியே கிடந்தது. கட்டிலைச் சுற்றி ஒரு விரல் கூடப் படவில்லை. அக்கா கதவு நிலையில் நின்று எட்டிப் பார்த்தார். சார் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

பிறகு நடு அறை. இந்துஜா கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அக்கா மறுபடியும் தட்டினார். "வாங்க," என்று இப்போது உடனே சொன்னாள்.

அங்கே தரை முழுக்கக் காலடி. இசக்கியம்மாவுடையது பால்கனி நோக்கிப் போகும், கட்டில் பக்கம் வந்ததும் விரல்கள் கட்டிலைப் பார்க்கத் திரும்பியிருக்கும், பிறகு போகும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். சின்னவனுடையது கட்டிலை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

சாரின் காலடி நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிருந்தது. கதவிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து கதவு. பதினோரு தடவை. எண்ணிச் சொன்னது அவரேதான், கணக்கு வாத்தியார் இல்லையா. ஒரு தடவைகூட எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"இது யாரு?" என்றார் திடீரென்று.

அவர் காலடிக்குப் பின்னாலேயே இன்னொரு வரிசை. சின்னக் கால். கட்டிலிலிருந்து இறங்கி, பால்கனிக் கதவு வரைக்கும் போய், அங்கே இரண்டு காலும் சேர்ந்து நின்றிருந்தது. மாவு அந்த இடத்தில் அழுந்திக் கிடந்தது. பிறகு திரும்பிக் கட்டிலுக்கு. ஒரு தடவை இல்லை. அவர் போனபோதெல்லாம்.

சார் குனிந்து பார்த்தார். கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளம். அவர் தன் காலைப் பார்த்தார். அவருக்கும் அப்படித்தான்.

"இந்து. நீயா?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஹாஸ்டல் பாரத்துல உங்க கையெழுத்து வேணும்."

"கேட்டிருக்கலாமே."

"கேக்கலாமா வேண்டாமான்னுதான் வந்து வந்து போனேன். நீங்க போன்ல பேசிக்கிட்டு இருந்தீங்க. திரும்பி வரும்போதும் என்னைப் பார்க்கலை."

"என்ஜினீயர்கிட்டம்மா. உனக்காகத்தான். அந்தச் சுவரை..."

பாதியில் நிறுத்திவிட்டார். பால்கனியில் காய்ந்த துணி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

சார் அக்கா பக்கம் திரும்பிக் கேட்டார்.

"கன்னி மூலையைக் குடும்பத் தலைவன் விட்டுட்டா வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே அக்கா."

"யாரு சொன்னா?"

"வாஸ்து பார்த்தவர்."

"தலைவர் எங்க படுக்கணும்னு சொன்னார். அவருக்குப் பின்னால வந்து நிக்கிற புள்ளை எங்க நிக்கணும்னு சொன்னாரா?"

சார் ஓரமாக நடக்கவேண்டும் என்பதையெல்லாம் மறந்து, மாவை மிதித்துக்கொண்டு வெளியே போனார். பெரிய அறையில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது, சுருட்டிய மெத்தையைத் தோளில் போட்டிருந்தார். கக்கத்தில் இரண்டு தலையணை. ஐம்பத்திரண்டு வயது மனுஷருக்கு மூச்சு வாங்கியது.

மகளின் அறைக்கு வெளியே நின்றார். கதவு திறந்துதான் இருந்தது. மெத்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினார்.

"வரலாமா?"

இந்துஜா அப்பாவையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"நீ அந்த அறைக்குப் போ. அங்க தாழ்ப்பாள் நல்லா விழும். நாங்க இங்க வழியிலயே படுத்துக்கிடுறோம். போறவங்க வாறவங்க எல்லாம் எங்களைத் தாண்டிப் போகட்டும்."

"கன்னி மூலைப்பா."

"ஆமா," என்றார். "கன்னி மூலைதான். நீ போய் இரு."

அவள் உட்கார்ந்தே இருந்தாள். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். எல்லா இடமும் நிரப்பி, ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. அப்பாவிடம் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அதை நாலாக மடித்து, ஒரு பழைய நோட்டுக்குள் வைத்து, நோட்டை மேசை அடியில் தள்ளினாள். பிறகு இறங்கி வந்து மெத்தையின் மறு முனையைப் பிடித்தாள்.

"வாங்கப்பா. விழப்போகுது."

கையில் கரைக்கப் புளி இல்லை, சல்லடையைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

இசக்கியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு விளக்குமாறு எடுத்து வந்தார். "விளக்கு வைக்கிற நேரமாச்சு. கூட்டித் தள்ளிடுறேன்."

"இசக்கி, இரு," என்றார் சார். பால்கனிக் கதவுக்கு முன்னால் அந்த இரண்டு சின்னக் கால் சேர்ந்து நின்ற இடத்தைக் காட்டினார். "இதை மட்டும் கூட்டாத. இருக்கட்டும்."

அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"கூட்டட்டும் அண்ணாச்சி. கால் வீட்லதானே இருக்கு."