உரமழை பெய்த அலுவலகம்

ஆவாரங்குடி பயிர்க் கணிப்பு அலுவலகத்தில் மூன்று மேதைகள் வேலை பார்த்தார்கள். மேதை என்பது ஊர் கொடுத்த பட்டம் இல்லை, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது. மூத்தவர் கோமதிநாயகம். கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதால் அவர் சொன்னதுதான் சட்டம். மற்ற இருவர் பிச்சுமணி, தவசிக்கனி.

இந்த வருஷம் நெல் எவ்வளவு விளையும் என்று கணிக்க கம்ப்யூட்டரில் ஒரு சூத்திரம் இருந்தது. ‘வி = ம + உ’. மழையும் உரமும் விளைச்சலை எப்படி ஏற்றி இறக்குகின்றன என்பதன் சுருக்கம்.

வெளியூர் கிளம்பும்போது டைரக்டர் மரகதவல்லி சொன்னார்: “கலெக்டருக்கு இந்த ஒத்தை எழுத்தெல்லாம் புரியலையாம். வி வர்ற இடத்துல விளைச்சல், உ வர்ற இடத்துல உரம், ம வர்ற இடத்துல மழைன்னு மாத்திருங்க. கையால மாத்தாதீங்க. புரோகிராம் எழுதி மாத்துங்க.”

ஜீப் தெருமுனை தாண்டியதும் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

“கையால கூடாதுன்னா கீபோர்டை எதால அமுக்குறது, அண்ணாச்சி?” என்றார் பிச்சுமணி.

“முழங்கை?” என்றார் தவசிக்கனி.

“அதுவும் கைதாம்வே. பேருலயே இருக்குல்லா” என்றார் கோமதிநாயகம்.

அவர் மூக்கு நல்ல கூர்மை. அவர் குனிந்து ஒவ்வோர் எழுத்தாகக் குத்த, பிச்சுமணி பின்னங்கழுத்தைப் பிடித்துக் குறி தவறாமல் நகர்த்தினார். சாயங்காலம் புரோகிராம் முடிந்தபோது மூக்கு தக்காளியாகிவிட்டது.

எழுதியவரைப் போலவே புரோகிராமும் சொன்ன பேச்சு கேட்டது. முதலில் ‘உ’வை ‘உரம்’ ஆக்கியது. பிறகு ‘ம’வைத் தேடிக் கிளம்பியது. உரத்தின் வாலில் ஒட்டியிருந்த ‘ம்’மையும் அது விடவில்லை. திரையில் வந்து நின்றது: ‘விளைச்சல் = மழை + உரமழை’. பழைய மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் ‘ழை’யின் தலைமேல் அநாதையாகத் தொங்கியது.

“உரமழைன்னா என்ன அண்ணாச்சி?”

கோமதிநாயகம் திரையை உற்றுப் பார்த்தார். தெரியாது என்றால் மேதைப் பட்டம் என்னாவது?

“வானத்துலேருந்து உரமா பெய்யும். புது விஞ்ஞானம்.”

“மேல ஒரு புள்ளி இருக்கே?”

“முதல் துளி.”

ஆனால் கம்ப்யூட்டர், ‘உரமழை என்று தரவில் எதுவும் இல்லை’ என்று முரண்டு பிடித்தது. டைரக்டருக்கு போன் போட்டார்கள். “சூத்திரத்துல இருக்கிற பேரும் தரவுல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும். அதே புரோகிராமை அங்கயும் ஓட்டுங்க” என்றார் அவர். ஓட்டினார்கள். தரவிலும் ‘உ’ உரமழை ஆனது. கம்ப்யூட்டர் சமாதானமாகித் தீர்ப்புச் சொன்னது: ‘உரமழை கூடினால் விளைச்சல் கூடும்.’

மறுநாள் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். “விவசாயப் பெருமக்களே, யாரும் உரம் போட வேண்டாம். மேலேருந்து வரும்!”

மேலிருந்து வரும் என்றால் சர்க்கார் தரும் என்று நினைத்து சனங்கள் காத்திருந்தார்கள். பயிர் மஞ்சள் பூத்ததுதான் மிச்சம். இரண்டு ஏக்கர் நட்டிருந்த செல்லத்தாயி, வெளிறிப்போன நாற்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து கோமதிநாயகத்தின் மேசைமேல் போட்டாள்.

“மேலேருந்து விழணும்னா எவனாவது மேல தூக்கிட்டுப் போகணும்லா, சார்?” என்று பல்லைக் கடித்தாள்.

கோமதிநாயகத்தின் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு படித்தும் இது தோன்றவில்லையே!

சொசைட்டி குடோனிலிருந்து யூரியா மூட்டைகளைச் சுமந்து அலுவலக மொட்டை மாடியில் ஏற்றினார்கள். முதல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டிய நேரம், கீழே ஜீப்பிலிருந்து இறங்கினார் மரகதவல்லி.

தலை முதல் செருப்பு வரை வெள்ளையாக அவர் நிற்க, மாடியிலிருந்து கோமதிநாயகம் பதறினார்: “ஐயோ, நனையுறீங்களே அம்மா! குடை கொண்டாரட்டுமா?”

மிச்ச மூட்டைகளை டைரக்டர் வயல்களுக்கு அனுப்பிவைத்தார், பயிர் பிழைத்தது. பிறகு அவர் போட்ட சத்தத்தில் காக்காய்கள் பறந்தன. “முதல்ல உங்க மூணு பேரையும் மாத்தணும்!”

“பேருதானே, உடனே மாத்திரலாம்மா” என்று கோமதிநாயகம் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் அறை வாசலில் புதுப் பலகை: ‘கோமழைதிநாயகமழை’. அதன் கீழே ‘பிச்சுமழைணி’. தவசிக்கனியின் பெயரில் மட்டும் ம-வும் இல்லை, உ-வும் இல்லை, வி-யும் இல்லை. எத்தனை தடவை ஓட்டினாலும் தவசிக்கனி தவசிக்கனியாகவே வந்தார். மூலையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அடுத்த வாரம் மூன்று இடமாற்ற உத்தரவுகள் தபாலில் வந்தன.

“கோமதிநாயகம், பிச்சுமணியா? அப்படி யாரும் இங்க வேலை பார்க்கலையே” என்று கோமதிநாயகம் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது தவசிக்கனிக்கு. பிரித்துப் படித்தார்: ‘தாங்கள் உடனடியாக மாற்றப்படுகிறீர்கள்.’

“அண்ணாச்சி, நானும் மாறிட்டேன்!” என்று துள்ளி எழுந்தார். “என்னவா மாறியிருக்கேன்னு பாக்கணும். சீக்கிரம் ஒரு கண்ணாடி குடுங்க!”