நின்று நின்று வந்த பேர்

"அந்தக் கம்பெனி பேரு மட்டும் எப்படிங்க அம்மிணி இத்தனை வருஷமா நிக்குது?"

கேட்டவர் ஆறுக்குட்டி. சிங்காநல்லூரில் பழைய கார் வாங்கி விற்கிறவர். வயது ஐம்பத்து மூன்று. குரலில் பாதி பொறாமை, பாதி எரிச்சல்.

கேட்கப்பட்டவர் கார்குழலி. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவு டீச்சர். ஆறுக்குட்டியைவிடப் பதினேழு வயது இளையவர். ஜப்பானில் ஒரு கார் தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பேரிலேயே கார் இருக்கிறதே என்று அவரிடம் யாராவது சிரித்தால் அன்றோடு பேச்சு முடிந்தது.

"எந்தக் கம்பெனிங்ணா?"

"டொயோட்டாதானுங்க, வேற எது? என்ற யார்டுக்கு வர்றவன் பூராம் வாசல்லயே நின்னுட்டு டொயோட்டா இருக்குதாங்கறான். இருந்தாக் கண்ணை மூடிட்டு எடுக்கறான். இல்லீன்னா மத்த வண்டிக டயரை எட்டி ஒதைச்சுப் பாத்துட்டுப் போயர்றான். முப்பது வருஷமா நான் அதே ரோட்டுல இருக்கறேன். என்னை ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். கடலுக்கு அக்கட்டால இருக்கறவனை நம்பறான்."

"சரி."

"என்ன சரி? அந்தப் பேரு எப்படி நிக்குதுன்னு சொல்லுங்க."

டீச்சர் ஒரு பிரேக் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நின்னுச்சு. அதனால நிக்குது."

ஆறுக்குட்டி காத்திருந்தார். டீச்சர் அடுத்த டிரம்மை எடுத்தார்.

இதைக் கேட்கவா ரெண்டு பஸ் மாறி வந்தோம் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் வியாபாரிதான். ஆனால் தன் யார்டில் இருக்கும் எந்த வண்டியையும் நம்பி அவ்வளவு தூரம் எடுத்துவர அவருக்கே தைரியம் கிடையாது.

*

அவருக்கு அவசரம் இருந்தது.

மூன்று மாதமாக யார்டைவிட்டு ஒரு வண்டிகூட நகரவில்லை. ஆகாத வியாபாரத்துக்கு எதற்கு இவ்வளவு இடம், மாதக் கடைசியில் காலி பண்ணு என்று இடத்துக்காரர் சொல்லிவிட்டார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர்.

அப்படி இருக்கும்போதுதான் லூர்துசாமி வந்தார். வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டயரை உதைக்கவில்லை. வெள்ளை வண்டி ஒன்றைச் சுற்றி வந்து பார்த்தார். "வெள்ளிக்கிழமை வீட்டம்மாவோட வந்து எடுத்துக்கறேன்" என்றார்.

வெள்ளை வண்டியில் ஒரே ஒரு சங்கடம். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் பிரேக்குக்கான எச்சரிக்கை விளக்கு எரியும். எரிந்துகொண்டே இருக்கும்.

"சென்சாரா இருக்கலாங்ணா. பிரேக்காவே இருந்தாலும் இருக்கலாம். பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும். ஒரு வாரம் ஆகும்" என்றார் மெக்கானிக்.

"ஒரு வாரத்துக்கு நான் எங்க போறது? பல்பைக் கழட்டிடு."

கழற்றியாயிற்று. இப்போது விளக்கு எரிவதில்லை. வண்டி லட்சணமாக இருந்தது.

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. அது ஆறுக்குட்டிக்குத் தெரியாதது அல்ல. இரண்டு தரம் ஞாபகம் வந்தது. இரண்டு தரமும் டீ குடிக்கப் போய்விட்டார்.

*

செவ்வாய்க்கிழமை மறுபடி போனார்.

"அம்மிணி, நேத்து மாதிரி விடுகதை வேண்டாம். அந்தக் கம்பெனி வரலாறைச் சொல்லுங்க. பேனர்ல போடற மாதிரி, நாலு வரி. 'அவர்களைப் போலவே நாங்களும்'னு கீழ என்ற போட்டோவைப் போட்டுக்கறேன்."

டீச்சர் பெருமூச்சு விட்டார். சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல அவங்க கார் பண்ணலைங்ணா. தறி பண்ணுனாங்க."

"தறியா? நம்ம சோமனூர் தறியா?"

"தறிதான். தச்சர் மகன் ஒருத்தர். அவங்க அம்மா தறியில கிடந்து கஷ்டப்படறதைப் பார்த்தவர். ஒரு தறி பண்ணுனார். அதுக்குத்தான் அவருக்குப் பேரு."

"அப்படி வாங்க வழிக்கு. ரொம்ப வேகமா ஓடுச்சா?"

"நூல் அறுந்தா நின்னுச்சு."

ஆறுக்குட்டி பேனாவை மூடினார். "அதை எப்படிங்க பேனர்ல போடறது? மேல சொல்லுங்க."

"அந்தத் தறியோட உரிமையை இங்கிலீஷ்காரன் வாங்கிட்டுப் போனான். அவரோட மகன் வண்டி பண்ண ஆரம்பிச்சார். மொதல்ல லாரி."

"லாரி எப்படி?"

"வழியில நின்னுச்சு."

"அம்மிணி."

"நெசமாத்தாங்ணா. ஆளை அனுப்பி அனுப்பி ரிப்பேர் பாத்தாங்க. அப்புறம் அமெரிக்காவுக்குக் கார் அனுப்புனாங்க. அந்த ரோட்டு வேகத்துக்குத் தாங்கல, சூடாயிடுச்சு. விக்கறதை நிறுத்திட்டாங்க. இப்ப ஒரு பதினஞ்சு வருஷம் முன்னாடி லட்சக்கணக்கான வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாங்க."

"ஏனுங்க, அந்தக் கம்பெனி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? நல்லதா ஒண்ணுகூட உங்க வாய்ல வராதா?"

டீச்சர் யோசித்தார். "நான் வேலை பாத்த பாக்டரியிலயும் அவங்க முறைதான். தலைக்கு மேல ஒரு கயிறு ஓடும். வேலையில ஏதாச்சும் சந்தேகம் வந்தா இழுக்கணும். சரியாகலைன்னா மொத்த லைனும் நின்னுடும்."

"யாரு இழுக்கலாம்? மேனேஜரா?"

"நேத்து வேலைக்குச் சேந்தவகூட இழுக்கலாம்."

"நீங்க இழுத்தீங்களா?"

"பல தடவை."

"திட்டியிருப்பானே."

"ஒரு வாரம் இழுக்காம இருந்தேன். அப்பத்தான் வந்து கேட்டாங்க, என்னாச்சு, ஏன் இழுக்கலைன்னு."

பைத்தியக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார் ஆறுக்குட்டி. எழுந்தார். கிளம்பும்போது ஏதோ தோன்றிக் கேட்டார். "ஆரம்பத்துல இருந்தே இதே பேருங்களா?"

"இல்லைங்ணா. குடும்பப் பேரு டொயோடா. கடைசி எழுத்தை மாத்தி டொயோட்டா ஆக்குனாங்க. அவங்க எழுத்துல எழுதினா எட்டுக் கோடு வரும். எட்டு அவங்களுக்கு ராசி."

ஆறுக்குட்டியின் முகம் மலர்ந்தது. இரண்டு நாளில் முதல் தடவையாக.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க."

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதை ஆறுக்குட்டி பார்க்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்.

*

புதன்கிழமை காலை பத்து மணிக்குள் எண்கணித ஜோசியரைப் பார்த்தாகிவிட்டது. யார்டு போர்டில் நம்பிக்கை கார்ஸ் என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததில் இன்னொரு 'கே', கடைசியில் இன்னொரு 'ஐ' சேர்க்கச் சொன்னார். போர்டுக்காரர் ஏணியோடு வந்து சேர்த்தார். நம்பிக்கை நீண்டு போர்டுக்கு வெளியே ஒரு எழுத்து தொங்கியது.

சாயங்காலம் வரை ஒரே ஒருவர் வந்தார். போர்டைப் பார்த்தார். எழுத்துப் பிழை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு டயரை உதைத்துவிட்டுப் போனார்.

ஆறுக்குட்டி டீச்சருக்குப் போன் போட்டார்.

"நல்லா ஏமாத்துனீங்க அம்மிணி. பேரை மாத்தியும் ஒண்ணும் நடக்கல."

"நான் எப்பங்ணா மாத்தச் சொன்னேன்?"

"எதைத்தான் சொன்னீங்க? நின்னுச்சு, நின்னுச்சுன்னு ரெண்டு நாளா அதையே சொல்லிட்டிருக்கறீங்க. நாளைக்கழிச்சு ஒரு வண்டி போகுது. அதுதான் கடைசி. அதுக்கப்புறம் கடையை மூடிட்டு வீட்டுல உக்காந்துக்கறேன். உங்களுக்கும் நிம்மதி."

"நாளைக்கு எனக்கு லீவு. சோமனூர் வாங்க. எங்கண்ணன் தறிக்குடோன் இருக்குது."

"தறிக்குடோன்ல எனக்கு என்னங்க வேலை?"

"வேலை இல்லைங்ணா. சும்மா நிக்கணும்."

*

வேண்டாவெறுப்பாகத்தான் போனார்.

குடோனுக்குள் பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்கிறவர் காதில் கத்தினால்தான் பேச்சு. டீச்சர் அவரை இரண்டு தறிகளுக்கு நடுவே நிற்க வைத்துவிட்டு ஒரு ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அரை மணி நேரம் ஆயிற்று. ஆறுக்குட்டிக்கு இடுப்பு வலித்தது. காதில் பஞ்சு பறந்து ஒட்டியது. நாளைக்கு வண்டி டெலிவரி வைத்துக்கொண்டு இங்கே வந்து நிற்கிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

இடது பக்கத் தறி அடிக்கொரு தரம் நின்றது. அதை ஓட்டுகிற ரங்கய்யன் வருவார், குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்ததைச் சரி செய்வார், ஓட்டுவார். மறுபடி நிற்கும். வலது பக்கத் தறியும் அவர் பொறுப்புதான். அது ஒரு தரம்கூட நிற்கவில்லை.

"இது நல்ல தறி" என்று டீச்சர் பக்கம் திரும்பிக் கத்தினார் ஆறுக்குட்டி. "அதைத் தூக்கிப் போடச் சொல்லுங்க."

டீச்சர் எழுந்து வந்தார். வலது பக்கத் தறியில் நெய்து சுருண்டிருந்த துணியின் ஓரத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் காட்டினார்.

துணியில் அங்கங்கே ஊடையே இல்லை. கைவிரல் போகிற அகலத்துக்கு நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டும். அதன் வழியாக வெளியே நின்ற வேப்பமரம் தெரிந்தது.

ஆறுக்குட்டி குனிந்து தறியைப் பார்த்தார். என்ன இருந்தாலும் இயந்திரம் பார்த்த கண். ஓரத்தில் சின்ன முள்கரண்டி மாதிரி ஒரு கம்பி. இடது தறியில் அது நூலைத் தொட்டுத் தொட்டு ஆடியது. நூல் இல்லையென்றால் தறியை நிறுத்துகிற கம்பி அதுதான். வலது தறியில் அதே கம்பியைத் துணிக்கிழிசலால் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

"யாரு கட்டுனது?"

"நாந்தானுங்க" என்றார் ரங்கய்யன். "சும்மா சும்மா நிக்குதுங்க. வேலையே ஓடலை. நாளைக்குள்ள துணி போகோணும். அதான் கட்டிப் போட்டேன்."

ஆறுக்குட்டிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. மூன்று நாள் சேர்த்து வைத்தது அத்தனையும் ரங்கய்யன் தலையில் இறங்கியது.

"அறிவிருக்குதாய்யா உனக்கு? அறுந்து போச்சுன்னு சொல்றதுக்குத்தானே அதை வெச்சிருக்கறான். அது சொல்லுது, நீ அது வாயைக் கட்டிப் போட்டிருக்கறே. இதை வாங்கிட்டுப் போறவன் என்ன ஆவான்? அவன் உன்னை நம்பித்தானேய்யா..."

வாய் திறந்தபடி இருந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ரங்கய்யன் மிச்சத் திட்டுக்காக மரியாதையாகக் காத்திருந்தார்.

"என்னங்ணா?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்லீங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் வாசலுக்குப் போகும்போது ரங்கய்யன் முணுமுணுத்துக்கொண்டே கிழிசலை அவிழ்த்தார். தறி நான்கு தரம் அடித்தது. நின்றது.

*

வெள்ளிக்கிழமை லூர்துசாமி மனைவியோடு வந்தார். வால்பாறையில் விடியுமுன் பஸ் ஏறியவர்கள். அந்த அம்மா கைப்பையில் இருந்து ஒரு ஜெபமாலையை எடுத்து வெள்ளை வண்டியின் கண்ணாடியில் மாட்டினார்.

ஆறுக்குட்டி சாவியைக் கொடுத்தார். ஆமாம், கொடுத்துவிட்டார். முந்தின நாள் அத்தனை திட்டியவர்தான். வீட்டில் இருந்து கிளம்பும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினார். வந்து பார்த்தால் இடத்துக்காரர் எதிர்க் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சொல்ல வந்தது அங்கேயே நின்றுபோயிற்று.

லூர்துசாமி வண்டியை எடுத்தார். முதல் கியர். வண்டி மெதுவாகக் கேட்டை நோக்கிப் போனது.

"வர்றோம் சார்" என்றார் அந்த அம்மா.

ஆறுக்குட்டி ஓடினார். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. கேட்டுக்கு நடுவே போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பிரேக் பிடிக்காத வண்டிக்கு முன்னால் நிற்கிறோமோ என்பது நின்றபிறகுதான் உறைத்தது.

வண்டி அவர் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"என்ன சார் இது?" என்றார் லூர்துசாமி.

"இறங்குங்க."

"எதுக்கு?"

"இதுல ஒரு விளக்கு எரியோணும். எரியாது. நாந்தான் பல்பைக் கழட்டச் சொன்னேன்."

"என்ன விளக்கு?"

"பிரேக்கு."

லூர்துசாமி இன்ஜினை நிறுத்தினார். இறங்கவில்லை. கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஜெபமாலையைக் கழற்றினார்.

"எத்தனை வளைவுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் அந்த அம்மா.

"தெரியுங்க."

இருவரும் இறங்கினார்கள். சாவியை லூர்துசாமி அவர் கையில் கொடுக்கவில்லை. பானெட் மேல் வைத்தார். எதிர்க் கடையில் இடத்துக்காரர் டம்ளரோடு எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

முடிந்தது என்று நினைத்தார் ஆறுக்குட்டி. முப்பது வருடக் கடை. ஒற்றைச் செருப்போடு முடிந்தது.

அவர்கள் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். நின்றார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ வாக்குவாதம் செய்தார்கள். பிறகு லூர்துசாமி மட்டும் திரும்பி வந்தார். வந்த வேகத்தைப் பார்த்து அடிக்கத்தான் வருகிறார் என்று ஆறுக்குட்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்யா" என்றார் லூர்துசாமி எரிச்சலோடு. "வெறுங்கையோட போனா அந்த அம்மா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிரும். மிச்சம் நிக்கிற பதினோரு வண்டியில எது நல்ல வண்டி? நீரே சொல்லும்."

யார்டு தொடங்கிய நாளிலிருந்து அவரிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. ஆறுக்குட்டி திரும்பி வரிசையாக நின்ற பதினோரு வண்டிகளையும் பார்த்தார். நன்றாக, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கொஞ்சம் உக்காருங்க" என்றார். "மொதல்ல எல்லாத்துலயும் கழட்டுன பல்பை மாட்டிக்கறேன்."