மணல் மூட்டைக்குப் பதில்

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினம் ஓட்டுகிற முப்பது பேருக்கும் சூப்பர்வைசர் அமலோற்பவம். புதிதாக வந்த மேனேஜர் திவாகருக்கோ தினம் ஒரு உத்தரவு போடாவிட்டால் தூக்கம் வராது. ஏழு உத்தரவுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். எட்டாவதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

காலையில் கதவு திறக்குமுன், பெரிய ராட்டினத்தின் பெட்டிகளில் மணல் மூட்டைகளை ஏற்றி நாலு சுற்று விட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம்.

"மண்ணுக்கு எதுக்கும்மா சவாரி? அரை மணி நேரம் வீண். என் ராட்டினத்துக்கு ஒண்ணும் ஆகாது. நாளையிலேர்ந்து நேரா ஆளை ஏத்துங்க" என்றார் திவாகர்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அதற்குச் சுவரோடு பேசியிருக்கலாம்.

மறுநாள் காலை, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, அமலோற்பவம் ஒரு ரோஜா மாலையோடு வந்தாள்.

"நீங்க சொன்னபடி மூட்டை ஏத்தலை சார். முதல் சுத்து நீங்கதான் போகணும்."

திவாகர் பூரித்துப்போய் மாலையும் கழுத்துமாக ஏறி உட்கார்ந்தார். குறுக்குக் கம்பியைப் பூட்டிவிட்டு அவள் மைக்கைப் பிடித்தாள்.

"பிள்ளைங்களா, இன்னைக்கு மூட்டை வச்சு சோதிக்கலை. அதுக்குப் பதிலா நம்ம மேனேஜர் சார் போறார். அவர் பத்திரமா திரும்பி வந்தா, அடுத்தது நீங்க!"

திவாகர் குறுக்குக் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"ஐயோ, கம்பியைத் திற! முதல்ல மூட்டையை ஏத்துங்கய்யா!"

"எத்தனை மூட்டை சார்?"

"இருக்கிற அத்தனையும்!"

அவர் தடுமாறி இறங்கியதும் அந்த மாலையைக் கேட்டு வாங்கி, முதலில் ஏறிய மூட்டைக்குப் போட்டாள் அமலோற்பவம்.