அறுபதில் ஒன்று

ஒரே ஒரு தாள். அதைப் படித்தவர்கள் மூன்று பேர், மூவரும் மூன்று விதமாகப் படித்தார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களைத்தான் கேட்பேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த பீஸ்களில் பழுது தேடும் செக்கிங் பிரிவில் கோகிலவாணிக்குப் பதினான்கு வருட சர்வீஸ். சந்தேகப்பட்ட பீஸில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைப்பாள். மறுசெக்கிங்கில் அவற்றில் பாதிக்கு மேல் நல்ல பீஸ் என்று திரும்பி வந்துவிடும். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, முப்பத்தேழு வயதில் அவள் உண்டானாள். பதினாறாம் வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையின் தாள், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க அறுபதில் ஒரு வாய்ப்பு என்றது.

"இது முடிவில்லம்மா, சந்தேகம்தான்," என்றார் டாக்டரம்மா. "உறுதியாத் தெரியணும்னா பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கணும். ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே வயித்துல மெல்லிசா ஒரு ஊசி. சுருக்குன்னு இருக்கும், சில நிமிஷம்தான். ரெண்டு நாள் பளு தூக்கக் கூடாது. முடிவு வர ரெண்டு மூணு வாரம் ஆகும். சில நூறு பேர்ல ஒருத்தருக்குக் கரு கலையவும் கூடும். தெரிஞ்சுக்கணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

கோகிலவாணிக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தாள் வெறும் அம்பு ஸ்டிக்கர்.

வீட்டில் அப்படி யாருக்கும் படவில்லை. மாமியார் ராமாத்தாள் ஒரே போடாகப் போட்டாள். "ஊசியப் போட்டுப் பாரு. கோளாறுன்னா கலைச்சுப்போடலாம். பீஸ் கெட்டிருந்தா நீயே கழிச்சுத்தான போடற?"

"பனியனுக்கு யாரும் பேரு வெக்கறதில்லீங்க அத்தை," என்றாள் கோகிலவாணி.

கணவன் சிவசாமி தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "எப்படி இருந்தாலும் நம்ம கொழந்தை. கலைக்கப் போறதில்ல. அப்பறம் எதுக்கு ஊசி? பார்க்கவே வேண்டாம்." நல்ல மனிதன்தான். அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்தும் மசியவில்லை.

பையிலிருந்து தாளை உருவினாள். "நானும் கலைக்கப் போறதில்லீங்க. ஊசியில ஆபத்து இருக்கறதும் தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லைன்னு வந்தா மிச்ச மாசம் நிம்மதியா சோறு திம்பேன். ஆமான்னு வந்தா, அப்படிப் பொறக்கற கொழந்தைங்களுக்கு இதயக் கோளாறும் இருக்கலாங்கறதால, கொழந்தையோட இதயத்தையும் பார்க்கற வசதியிருக்கற ஆஸ்பத்திரியில பெத்துக்குவேன். கொழந்தையச் சுமக்கறேன். கூடவே இந்தப் பயத்தையும் சுமக்க என்னால ஆகாது."

"பெத்துக்கத்தான் போறேன்னா ஊசி எதுக்கு?" என்றாள் மாமியார். அவளோடு எந்நாளும் ஒத்துப்போகாத மகன் சிவசாமியும் அதையே கேட்டான்.

அடுத்த வியாழக்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒப்புதல் படிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு மேசையில் ஏறிப் படுத்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பார்த்துவிட்டுக் கலை என்ற மாமியார், பெற்றுக்கொள்ளலாம், பார்க்காதே என்ற கணவன், பார்க்கவும் செய்வேன், பெறவும் செய்வேன் என்ற கோகிலவாணி. மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: கோகிலவாணி பக்கம்தான். மாமியாரும் கணவனும் எதிரெதிரே நின்றதுபோலத் தோன்றும். உண்மையில் இருவரும் நின்றது ஒரே இடத்தில். தெரிந்துகொள்வது கலைப்பதற்கு மட்டுமே என்று இருவருமே நம்பினார்கள், அதனால்தான் இருவர் வாயிலும் ஒரே கேள்வி வந்தது. டாக்டரம்மா என்ன செய்வாய் என்று கேட்கவில்லை, தெரிந்துகொள்ள வேண்டுமா என்றுதான் கேட்டார். அதையும் அவளிடம்தான் கேட்டார். ஊசியின் முடிவு என்ன ஆயிற்று என்கிறீர்களா? அது அவள் தாள். அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, கேட்க உங்களுக்கும் இல்லை.