வேங்கைக்கு உலர்தீனி

ராஜா என்றால் ஆயிரம் கவலை இருக்கும். செம்பூரை ஆண்ட மகுடவர்மருக்கு இருந்ததோ ஒரே கவலை. அவருடைய நாய் சாப்பிட மாட்டேன் என்கிறது!

நாயின் பெயர் வேங்கை. பெயரைக் கேட்டு நீங்கள் பயந்துவிட வேண்டாம். நாலு படி ஏறினால் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடும். அப்படி ஒரு உடம்பு!

மன்னர் எல்லைக் கோட்டைகளைப் பார்வையிடக் கிளம்புகிறார். போய்வர மாதக்கணக்காகும். வேங்கை பக்கத்தில் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஆனால் அது தின்னும் நெய்ச்சோறும் கறிக்குழம்பும் வழியில் ஊசிப்போகுமே! அதனால் கெடாத உலர்தீனியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அரண்மனை வைத்தியர் திருமேனியாரிடம் போயிற்று.

அவர் என்ன லேசுப்பட்டவரா? நாயின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். கை எது, கால் எது என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம். பித்த உடம்பு என்றார். ஜென்ம நட்சத்திரம் என்னவென்று கேட்டார். கடைசியில் கம்பு மாவோடு மீன்பொடி சேர்த்து, வில்லை தட்டிச் சுட்டு, வெயிலில் காயவைத்து, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினார்.

வேங்கை முகர்ந்து பார்த்தது. ஒரு தும்மல் போட்டது. திரும்பிப் படுத்துக்கொண்டது.

சபையில் எல்லோரும் மன்னரின் முகத்தைப் பார்த்தார்கள். வைத்தியர் மட்டும் அசரவில்லை.

“தீனியில் ஒரு குறையும் இல்லை, மகாராஜா. போடுகிறவனுக்குத்தான் கைராசி இல்லை” என்று நாயைப் பார்த்துக்கொள்ளும் சடையனைக் காட்டினார்.

அட பாவி மனுஷா! தின்னாதது நாய். தீனி செய்தது நீ. நடுவில் சடையன் என்ன செய்தான்?

மன்னர் அதையெல்லாம் யோசிக்கவில்லை. “நாளைக் காலை வேங்கை இதைத் தின்றாக வேண்டும். இல்லாவிட்டால், சடையா, நீ இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது!” என்று கத்திவிட்டு எழுந்து போனார்.

சடையன் நேரே ஓடியது கூத்தபிரானிடம். மன்னரையே கேலி பேசிவிட்டுத் தலையோடு வீடு திரும்பும் ஒரே சபை உறுப்பினர் அவர்தான்.

“பிள்ளைத்தாச்சிப் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு நான் எங்க சாமி போவேன்?” என்று அழுதான்.

“அழாதேடா. இந்த நாய் அரண்மனையில் என்னென்ன தின்கிறது, சொல்.”

“காலையில ராணியம்மா பால்சோறு ஊட்டுவாங்க. மந்திரி ஐயா அதிரசம் போடுவார். சேனாதிபதி ஐயா ஆட்டெலும்பு. ராசாகிட்ட காரியம் ஆகணும்னு வர்றவங்க எல்லாருமே இதுக்கு ஏதாச்சும் குடுத்துட்டுத்தான் உள்ள போறாங்க.”

“நம்ம வைத்தியர்?”

“தீனி மூட்டையோட வந்தப்பகூட லட்டு குடுத்தாரு சாமி. நல்ல பெரிய லட்டு.”

கூத்தபிரானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு மன்னரிடம் போனார்.

“மன்னா, வைத்தியர் தேர்ந்தெடுத்த தீனி அருமை. இன்னும் ஒரே ஒரு நாள் காயப்போட வேண்டும், அவ்வளவுதான். வேங்கையையும் ஒரு மூட்டையையும் என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். நாளைக் காலை கொண்டுவருகிறேன்.”

பக்கத்தில் நின்ற வைத்தியருக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். ‘ஏற்கெனவே பல்லை உடைக்கிற வில்லை. இன்னும் காயப்போட்டால் கல்லாகிவிடும். தொலைந்தான் சடையன்!’

மறுநாள் காலை சபை கூடியது. சடையன் ஒரு தட்டில் வில்லைகளை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை, வேங்கை பாய்ந்தது! மொறுக், மொறுக் என்று கடித்து விழுங்கியது. தட்டை நக்கியது. மீதி எங்கே என்று சடையனின் முகத்தைப் பார்த்தது. அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஊரைவிட்டுப் போக வேண்டாமே!

வைத்தியர் சட்டென்று முன்னால் வந்தார். “பார்த்தீர்களா மகாராஜா, என் தீனியின் மகிமையை!”

“இரும்” என்றார் மன்னர். “கூத்தபிரானே, இதே தீனியை நேற்று இது திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே. ஏற்கெனவே காய்ந்து கிடந்ததை மறுபடி காயப்போட்டதில் என்ன மாறிவிட்டது?”

“ஐயையோ, தீனியை யார் மன்னா காயப்போட்டது? நான் காயப்போட்டது நாயையல்லவா!”

“என்னது?”

“தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தேன். மாலையில் ஆற்றங்கரையில் நன்றாக நடக்க விட்டேன். வேறு ஒன்றும் கொடுக்கவில்லை. என் வீட்டுக்கு ராணியம்மாவின் பால்சோறு வரவில்லை. மந்திரியாரின் அதிரசம் வரவில்லை. வைத்தியரின் லட்டும் வரவில்லை. வயிறு காய்ந்தது, நாடி சரியாகிவிட்டது.”

வைத்தியர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். சடையன் கையில் ஒரு பட்டு வேட்டியைக் கொடுத்தார். சிரிப்பு அடங்கவில்லை. தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

கூத்தபிரான் அந்தத் தொப்பையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னரின் சிரிப்பு நின்றது. “அங்கே என்னய்யா பார்வை?”

“ஒன்றுமில்லை மன்னா” என்றார் கூத்தபிரான் பணிவாக. “பயணத்துக்கு நாயை மட்டும் தயார் செய்தால் போதுமா என்று யோசிக்கிறேன்.”